மூன்று நிமிடத் தட்டும் ஐரிஷ் பிடிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலின் கற்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் அவ்வப்போது பழைய ஐரிஷ் பிடில் ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டுவேன். பெரும்பாலும் 1920, 1930-களில் நியூயார்க்கில் பதிவானவை. இசைத்தட்டு சுற்றி நின்றதும் கேள்விகள் ஆரம்பிக்கும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிடிலும் வயலினும் வேறு வேறு வாத்தியமா சார்?

ஒன்றேதான். நம் ஊரிலும் ஒரு காலத்தில் 'பிடில் வித்வான்' என்றுதான் சொன்னார்கள். ஐரிஷ் கிராமங்களில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாத்தியம் அதேதான், ஆனால் வேலை வேறு. அங்கே அது முக்கியமாக நடனத்துக்கு வாசிப்பது.

நடன மெட்டுகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பக்கம் முழுவதற்கும் போதும். ரீல் என்பதில் ஒவ்வொரு கால் தட்டுக்கும் 'தகதிமி' என்று நான்கு ஸ்வரம் ஓடும். ஜிக் என்பதில் 'தகிட' என்று மூன்று. ஒரு மெட்டில் வழக்கமாக இரண்டு பாகம் இருக்கும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். அப்படி ஒரு சுற்று முடிய 64 தட்டு ஆகும். இந்த 64-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கணக்குப் போடத் தேவைப்படும். (சில ரீல்களில் பாகங்களைத் திருப்பி வாசிப்பதில்லை. அவற்றின் சுற்று 32 தட்டிலேயே முடிந்துவிடும்.)

ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடி எப்படிக் கத்துக்கிட்டாங்க?

பக்கத்து வீட்டுக்காரரிடமோ அப்பாவிடமோ, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடமோ காதால் கேட்டுக் கற்றார்கள். அச்சுப் புத்தகமும் இருந்தது. சிகாகோ நகரப் போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903-இல் 1,850 மெட்டுகளையும், 1907-இல் 1,001 நடன மெட்டுகளையும் தொகுத்து வெளியிட்டார். ஆனால் கிராமத்தில் ஸ்வரம் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

வேகத்தைப் பொறுத்தவரை, அதைத் தீர்மானித்தது நடனமாடுபவர்களின் கால்தான். சமையலறைத் தரையில் எட்டுப் பேர் ஆடுகிறார்கள் என்றால் அவர்கள் மூச்சு வாங்காத அளவுக்குத்தான் பிடில்காரர் ஓட்ட முடியும். வயதானவர்கள் ஆடும் வீட்டில் ஒரு காலப்பிரமாணம், இளவட்டங்கள் கூடும் வீட்டில் இன்னொன்று.

ஐரிஷ் சங்கீதத்தை ஏன் அமெரிக்காவில் போய்ப் பதிவு செய்தார்கள்?

வாங்குபவர்கள் அங்கே இருந்தார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டிய ஐரிஷ்காரர்கள் நியூயார்க், பாஸ்டன், சிகாகோவில் லட்சக்கணக்கில் குடியேறியிருந்தார்கள். கையில் காசு இருந்தது, ஊர் ஏக்கமும் இருந்தது.

நியூயார்க்கில் கடை வைத்திருந்த எலன் ஓபைர்ன் என்ற பெண்மணி இதைச் சரியாகக் கணித்தார். ஊர்க்காரர்கள் கடைக்கு வந்து ஐரிஷ் நடன ரெக்கார்டு கேட்கிறார்கள், கொடுக்க ஒன்றும் இல்லை. 1916-இல் அவர் கொலம்பியா கம்பெனியிடம் போனார். நீங்கள் பதிவு செய்யுங்கள், 500 தட்டுகளை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தார். ஒரு அக்கார்டியன், ஒரு பாஞ்சோ வைத்து ஹெர்போர்ன், வீலர் என்ற இருவர் வாசித்த அந்தத் தட்டு விற்றுத் தீர்ந்தது. அதற்கு அப்புறம்தான் பெரிய கம்பெனிகளுக்கு இதில் அக்கறை வந்தது. நான் இந்தத் துறையில் யாரையாவது கும்பிட வேண்டும் என்றால் முதலில் இந்த அம்மாவைத்தான்.

எல்லாரும் கோல்மன் கோல்மன்னு சொல்றாங்களே, அவர் யார்?

மைக்கேல் கோல்மன். 1891-இல் அயர்லாந்தின் மேற்கே ஸ்லைகோ மாவட்டத்தில் கில்லாவில் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1914-இல் அமெரிக்கா போனார். 1921 முதல் 1936 வரை சுமார் 80 பக்கங்கள் பதிவு செய்தார். ('பக்கம்' என்பது தட்டின் ஒரு புறம்.) 1945-இல் நியூயார்க்கிலேயே இறந்தார்.

அதே ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து போன இன்னும் இருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஜேம்ஸ் மாரிசன், பேடி கில்லோரன். மூவரும் நியூயார்க்கில் வாசித்த தட்டுகள் பார்சலில் ஊருக்குத் திரும்பின. சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் ஒரு வீட்டில் இருந்தால் தெருவே அங்கே கூடும். இப்படித்தான் ஒரு சின்ன மாவட்டத்தின் பாணி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஒரு தட்டில் எவ்வளவு நேரம் வாசிக்க முடியும்?

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம் இருபது விநாடி. அதற்குமேல் பள்ளம் வெட்ட இடம் இல்லை.

இப்போது அந்த 64-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 112 தட்டு என்ற நிதானமான வேகத்தில் ரீல் வாசித்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 34 விநாடி. ஐந்து சுற்று 2 நிமிடம் 51 விநாடியில் முடிந்துவிடும். ஆறாவது சுற்றும் வேண்டும் என்றால் 3 நிமிடம் 26 விநாடி, இசைத்தட்டு கொள்ளாது. அதையே 120 தட்டுக்கு ஏற்றினால் ஒரு சுற்று 32 விநாடி, ஆறு சுற்று 3 நிமிடம் 12 விநாடி. உள்ளே அடங்கிவிடும். மூன்று மெட்டு, ஒவ்வொன்றும் இரண்டு முறை என்று திட்டமிட்டவருக்கு ஆறு சுற்று தேவை. எட்டே தட்டு வித்தியாசத்தில் அது முடிகிறது.

அப்போ இடம் போதாமதான் வேகமா வாசிச்சாங்களா?

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான், கதை அழகாக இருக்கும். ஆனால் மேலே போட்ட கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு சுற்றைக் குறைத்துவிடலாம். ஒரு மெட்டை விட்டுவிடலாம். அப்படிச் செய்த தட்டுகள் ஏராளம்.

நேரத்தைவிடப் பெரிய காரணம் வேறு என்பது என் எண்ணம். ஸ்டுடியோவில் ஆடுபவர்கள் யாரும் இல்லை. 1925 வரை மைக்கும் கிடையாது. பெரிய புனல் ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாய்க்கு அருகே பிடிலை நிறுத்தி உரக்க வாசிக்க வேண்டும். பிடிலின் மெல்லிய ஒலி புனலுக்குள் சரியாகப் போகாததால், சில ஸ்டுடியோக்களில் மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலினையே பயன்படுத்தினார்கள். ஓடும் மெழுகுத் தட்டில் ஊசி நேராகக் கீறிக்கொண்டே போகும். தவறினால் வெட்டி ஒட்ட வழியில்லை, மெழுகை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து வாசிக்க வேண்டும். காலடிச் சத்தமும் தோள்களின் ஆட்டமும் இல்லாத அறையில், முழுத் திறமையையும் மூன்று நிமிடத்தில் காட்ட வேண்டிய நிலை. கோல்மன் இளவயதில் நன்றாக நடனமாடியவர். மாரிசன் நடனம் சொல்லிக்கொடுத்தவர். நடனத்தின் நடை அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது. அப்படியும் அந்த அறையில் அவர்களைப் பிடித்து நிறுத்த எதிரே கால்கள் இல்லை. மெட்டு நடனத்திலிருந்து கழன்று, உட்கார்ந்து கேட்கும் பொருளாக மாறியது அங்கேதான்.

தட்டு 78 வேகத்தில்தானே சுற்றும்? அதை வைத்து அவர்கள் வாசித்த வேகத்தைத் துல்லியமாக அளந்துவிடலாமே?

நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைபெற்ற எண். மின்சார மோட்டார் வந்தபோது, நிமிடத்துக்கு 3,600 சுற்றும் மோட்டாரை 46 பல் சக்கரக் கணக்கில் குறைத்ததால் 78.26 கிடைத்தது. மின்சார ஓட்டம் வேறாக இருந்த ஐரோப்பாவில் அது 77.92. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வேகம் வைத்திருந்தது. 80 என்று அச்சிட்டவர்களும் உண்டு. எழுபதைச் சற்றே தாண்டிய வேகத்தில் பதிவானவையும் உண்டு.

ஆக, மெதுவாகச் சுழலும்போது பதிவான தட்டை இன்று 78-இல் ஓட்டினால் வேகமும் கூடும், சுருதியும் ஏறும். 80-இல் பதிவானதை 78-இல் ஓட்டினால் இரண்டும் குறையும். கிட்டத்தட்ட ஆறு சதவீத வித்தியாசம் அரை ஸ்வரத்துக்குச் சமம். 112 தட்டில் வாசித்தவர் 119-இல் வாசித்தது போலத் தோன்றுவார். "அந்தக் காலத்தில் என்ன வேகம் பார்த்தீர்களா!" என்று வியக்கும் சில இடங்களில் வேகம் பிடில்காரருடையது அல்ல, மோட்டாருடையது.

வீட்டிலும் இதே கதைதான். கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்பு உண்டு. அதை யார் எங்கே வைத்தார்களோ அதுதான் அந்த வீட்டின் காலப்பிரமாணம். சாவி தீர்ந்துகொண்டே வந்தால் மெட்டு தள்ளாடி இறங்கும்.

சுருதியைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே? பிடில் தந்திகளின் சுருதி மாறாததுதானே?

நல்ல கேள்வி, வயலின் வாசிப்பவர்கள் மட்டும் கேட்பது. பிடில்காரர்கள் பெரும்பாலும் திறந்த தந்திக்கு ஒத்துவரும் ஜி, டி, ஏ சுருதிகளில்தான் வாசிப்பார்கள். எனவே தட்டில் இ-ஃபிளாட் கேட்டால், அது டி-யில் வாசித்தது, தட்டு அரை ஸ்வரம் வேகமாக ஓடுகிறது என்று முடிவுகட்டத் தோன்றும்.

ஆனால் ஒலி பளிச்சென்று வர வேண்டும் என்று தந்திகளை அரை ஸ்வரம் ஏற்றிக் கட்டும் வழக்கமும் உண்டு. அப்போது பியானோக்காரர் இ-ஃபிளாட்டிலேயே கூட வாசிப்பார். ஆகவே சரியாக அரை ஸ்வரம் ஏறியிருந்தால் பியானோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டும் பயனில்லை. பியானோவின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ விழுந்தால்தான் தட்டின் வேகம் தவறு என்று தைரியமாகச் சொல்லலாம். பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து மறுவெளியீடு செய்பவர்கள் இதில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். ஒரே தட்டின் இரண்டு மறுவெளியீடுகள் வேறு வேகத்தில் இருப்பதும் இதனால்தான்.

மூன்று மெட்டைத் தொடர்ந்து வாசிக்கிறார்களே, அது தொன்றுதொட்டு வரும் வழக்கமா?

மெட்டுகளைக் கோத்து வாசிப்பது முன்பும் ஆங்காங்கே இருந்ததுதான். ஆனால் நடனத்துக்கு வாசிக்கும்போது ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை, ஆடுபவர்களுக்குத் தாளம் போதும். உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரே மெட்டு ஆறு முறை என்றால் சலிப்புத் தட்டும். அதனால் மூன்று நிமிடத்துக்குள் இரண்டு மூன்று மெட்டு என்ற அளவு பழகிப்போனது.

என்னைக் கேட்டால், ரெக்கார்டு செய்த மிகப் பெரிய மாற்றம் வேகம் அல்ல, இந்தக் கோவைகள்தான். 1934-இல் கோல்மன் 'டார்போல்டன்', 'லாங்ஃபோர்ட் கலெக்டர்', 'செய்லர்ஸ் பானெட்' என்று மூன்று ரீல்களை ஒரே பக்கத்தில் வாசித்தார். தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது முதல் மெட்டை ஆரம்பித்தால் மற்றவர்களின் விரல்கள் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தானாகப் போகும். இத்தனைக்கும் டார்போல்டன் என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். மூன்றையும் கட்டிவைத்தது அந்த ஒரு தட்டுதான்.

பிடில் இவ்வளவு அருமையா இருக்கு, பின்னால வர்ற பியானோ ஏன் ஒட்டவே மாட்டேங்குது?

பல பதிவுகளில் பியானோ வாசித்தவர்களுக்கு அந்த மெட்டுகள் தெரியாது. மெட்டு இரண்டாவது பாகத்துக்குத் திரும்பும்போது பியானோ இன்னும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். கோல்மன் அதைக் காதில் வாங்காதவர் போலத் தன் வழியில் போவதை நீங்களே கேட்கலாம்.

இதனால் ஒரு விளைவு உண்டு. கிராமத்துப் பிடிலுக்குப் பக்கவாத்தியமே கிடையாது, பெரும்பாலும் தனியாகத்தான் ஒலித்தது. தட்டில் பியானோவோடு கேட்டுப் பழகிய பிறகு, தாளத்தைச் சீராக இடிக்கும் ஒரு துணை வேண்டும் என்பது எல்லாருக்கும் இயல்பாகிவிட்டது. பிறகு வந்த கெய்லி பேண்டுகளில் (நடனத்துக்கு வாசிக்கும் ஐரிஷ் குழுக்கள்) பியானோ நிரந்தர இடம் பிடித்தது.

ஒரே தட்டைக் கேட்டு எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?

ஓரளவுக்கு ஆமாம். நம் மொழியில் சொன்னால், முன்பு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாடாந்தரம் (வழிவழியாக வரும் வாசிப்பு முறை) இருந்தது. தட்டு வந்த பிறகு கோல்மன் பாடாந்தரம் என்று ஒன்று எல்லா ஊருக்கும் பொதுவானது. 'பானி கேட்' என்ற ரீலை அவர் விரிவுபடுத்தி வாசித்ததைப் பின்னால் வந்தவர்கள் ஸ்வரம் பிசகாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு வருத்தம் தரும் ஒரு விஷயம் உண்டு. கோல்மனுக்கு மெட்டு என்பது ஒவ்வொரு சுற்றிலும் மாறும் ஒன்று. ஒரு சுற்றில் நீட்டிப் பிடித்த ஸ்வரத்தை அடுத்த சுற்றில் ரோல் (ஸ்வரத்தை மேலும் கீழும் தொட்டுவரும் அலங்காரம்) போட்டுச் சுழற்றுவார். அன்று மதியம் அவர் கையில் தற்செயலாக வந்தது அது. மறுநாள் வேறு மாதிரி வாசித்திருப்பார். மெழுகில் பதிந்த பிறகு அந்தத் தற்செயலே சட்டமாகிவிட்டது.

மெட்டுகளின் பெயர் தட்டுக்குத் தட்டு ஏன் மாறுகிறது?

லேபிளில் ஒரு பெயர் அச்சிட்டாக வேண்டும். மெட்டுக்கு ஊரில் மூன்று பெயர் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. இன்று உலகம் முழுக்க 'மாரிசன்ஸ் ஜிக்' என்று சொல்லும் மெட்டு, ஜேம்ஸ் மாரிசனின் தட்டில் 'மாரிஸ் கார்மடியின் விருப்ப மெட்டு' என்ற பொருள்படும் பெயரில்தான் வந்தது. கெர்ரி மாவட்டத்து அக்கார்டியன்காரர் டாம் கார்மடியிடமிருந்து மாரிசனுக்குக் கிடைத்தது அது. கேட்டவர்கள் தட்டில் வாசித்தவரின் பெயரையே மெட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் மற்ற ஊர்ப் பாணிகளை ஸ்லைகோ தட்டுகள் அழித்துவிட்டன என்று சொல்லலாமா?

நிறைய அமுக்கியது, முழுக்க அழிக்கவில்லை. தெற்கே கார்க், கெர்ரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா என்ற பகுதியில் பாட்ரிக் ஓகீஃப் என்ற ஊர்சுற்றும் வாத்தியார் இருந்தார். நியூயார்க் தட்டுகளில் அதிகம் இடம்பெறாத போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டு வகைகள் அவரிடம் கற்றவர்கள் வழியாக இன்றும் உயிரோடு இருக்கின்றன. வடக்கே டோனிகலில் ஜான் டோஹர்ட்டி போன்றவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வில் போட்டு, வெடுக்கென்று வாசிக்கும் பாணியைக் காத்தார்கள்.

ஆனால் டோனிகல் தட்டுகளைத் தொடவே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்தது வேறு தட்டு, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் பெரிய பிடில் மேதை ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் 1899-இலேயே பதிவு செய்தவர். கூலி வேலைக்கு ஸ்காட்லாந்து போய்வந்த டோனிகல்காரர்களிடம் அவர் ரெக்கார்டுகள் புழங்கின.

தட்டு மட்டுமே குற்றவாளியும் இல்லை. 1935-இல் அயர்லாந்தில் பொது நடனக் கூடச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் வீடுகளில் ஆடுவதற்கு அதன் பேரில் தொல்லை கொடுத்தார்கள். சமையலறை நடனம் குறைந்தது. நடனம் பெரிய கூடத்துக்கும் பேண்டுக்கும் போனது. எட்டுப் பேரின் காலைப் பார்த்து வேகம் வைத்த தனிப் பிடில்காரருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

அமெரிக்கர்களின் சொந்தப் பிடில் இசைக்கும் இதே நடந்ததா?

நடந்தது. டெக்சாஸைச் சேர்ந்த எக் ராபர்ட்சன் 1922-இல் நியூயார்க் போய் விக்டர் கம்பெனிக்கு வாசித்த 'சாலி குடன்' அதற்கு நல்ல உதாரணம். ஒரு சின்ன மெட்டு, மூன்று நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ உருமாற்றங்கள். துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை. ஐரிஷ்காரர்கள் மூன்று மெட்டைக் கோத்து நிரப்பிய இடத்தை இவர் ஒரே மெட்டை வைத்து நிரப்பினார்.

இன்னைக்கு பப்ல எல்லாரும் தலைதெறிக்க வாசிக்கறதுக்கு அந்தப் பழைய ரெக்கார்டுதான் காரணமா?

நேரடிக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்னது போல மெட்டை நடனத்திலிருந்து பிரித்தது தட்டு. கடிவாளம் கழன்றது அப்போது. ஆனால் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது 1970-களில், பாத்தி பேண்ட் போன்ற குழுக்கள் மேடையில் வாசித்த வேகத்தைக் கேட்ட பிறகு.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. அயர்லாந்தின் கிழக்கு கிளேர் பகுதியில் நிதானமாக வாசிப்பது பழைய பழக்கம். அங்கிருந்து வந்த மார்ட்டின் ஹேஸ் அந்த நிதானத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்.

நம்ம ஊர் இசைத்தட்டுகளும் இதே மாதிரிதானே?

இயந்திரம் ஒன்று, கட்டுப்பாடும் ஒன்று. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதும் 1932-இல் வீணை தனம்மாள் வாசித்ததும் இதே மூன்று சொச்ச நிமிடத்துக்குள்தான். ஆனால் நம் கச்சேரிக்கு எதிரே ஆடும் கால்கள் இல்லை. அங்கே நடனத்திலிருந்து மெட்டு பிரிந்தது, இங்கே ஆலாபனை சுருங்கியது. இரண்டையும் ஒரே கதையாகச் சொன்னால் தப்பாகிவிடும்.

இந்தத் தட்டுகளைக் கேட்டே ஐரிஷ் பிடில் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. அங்கேயும் அப்படித்தான் கற்றார்கள். நெம்பைத் தள்ளி வேகத்தைக் குறைத்து, இறங்கிய சுருதிக்குத் தந்தியையும் இறக்கி, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரே இடத்தைத் தேயத் தேயக் கேட்டார்கள். இன்று கைபேசியில் சுருதி இறங்காமலே வேகத்தைக் குறைக்க முடிகிறது.

முதலில் வாத்தியத்தைத் தொடாமல் காலால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று எண்ணுங்கள். 64 வந்ததும் மெட்டு திரும்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரே மெட்டின் முதல் சுற்றையும் இரண்டாவது சுற்றையும் ஸ்வரம் எழுதி அருகருகே வையுங்கள். எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கே சிவப்பு மையில் கோடு போடுங்கள். வாசிக்கும்போது சிவப்பு இல்லாத இடங்களை அவர் வாசித்தபடியே வாசியுங்கள், சிவப்புக் கோடு உள்ள இடங்களில் உங்கள் கைக்கு வருவதை வாசியுங்கள்.